இல்லாத வேலைக்கு ஆள்

விடியுமுன்னே அந்தச் சலவைக்கூடம் வாயைத் திறந்துவிடும். உலகத்து ஆவியெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறதோ என்று தோன்றும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைமலையாகக் குவிந்து, கொதிநீரில் புரண்டு, உருளையில் நசுங்கி, தொட்டால் தோல் உரியும் சூட்டோடு வந்து விழும். அவற்றை மடிப்பது பெண்கள். ஒருத்தியால் ஆகாத வேலை. இரண்டு மூலையை ஒருத்தி, மற்ற இரண்டை இன்னொருத்தி பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து சேர வேண்டும்.

நெட்டையக்கா கையைத் தூக்கினால் கூரையே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். அவளுக்கு ஜோடி சுண்டு. விரிப்புக்குப் பின்னால் சுண்டு நின்றால், விரிப்பு தானாக நடந்து வருவதுபோல் இருக்கும்.

போன மாதம் ஆவி தாங்காமல் சுண்டு மயங்கி விழுந்தாள். நெட்டையக்கா நேரே போய் முதலாளியிடம் மின்விசிறி கேட்டாள். விசிறி வரவில்லை, மடிக்கும் மெஷின் வந்தது. கூடவே சேதியும் வந்தது: மடிக்கிற வேலை இனிக் கிடையாது, அதனால் நெட்டையக்கா மட்டும் இந்த வாரத்தோடு நின்றுகொள்ளலாம். மெஷின் முதல் நாளே ஒரு கட்டு விரிப்பைத் தின்று, செரிக்காமல் புகை கக்கி, தார்ப்பாயைப் போர்த்திப் படுத்துவிட்டது. சேதி மட்டும் படுக்கவில்லை.

வீட்டில் இடுப்பொடிந்து கிடந்த புருஷன், "வக்கீலைப் பாரேன்" என்றான்.

"வக்கீல் நம்ம முகத்தைப் பாக்கறதுக்கே அடுப்பை விக்கணும். லேபர் ஆபீஸ்ல நாமளே பேசலாமாம். நாளைக்கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க."

"பேசுவ. அந்த வேலை இன்னும் இருக்குன்னு எதை வச்சுச் சொல்லுவ?"

இந்த வருமானமும் நின்றால் உலை ஏறாது என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் முதலாளி ஒரு புதுப்பெண்ணோடு வந்தார். "நாளையிலேர்ந்து உன் இடத்துல இவதான். போறதுக்குள்ள மடிக்கச் சொல்லிக்குடுத்துடு."

கைப்பழக்கம் பொல்லாதது. நெட்டையக்கா மறுபேச்சில்லாமல் மூலையை எடுத்து நீட்டினாள். "கட்டைவிரலை உள்ள குடும்மா. முதல்ல சுடும், அப்புறம் மரத்துப்போயிடும்." பாதிக் குவியல் மடித்த பிறகுதான் அவர் சொன்னது அவள் மண்டைக்கு ஏறியது.

"முதலாளி, இந்த வேலைதான் இல்லையே? இல்லாத வேலைக்கு எதுக்கு ஆளு? நாளைக்கு லேபர் ஆபீஸ்ல இதைத்தான் கேக்கப்போறேன்."

"அதிகம் பேசாத. இது வேற வேலை."

"எது வேற? விரிப்புக்கு அஞ்சாவது மூலை முளைச்சிருக்கா?"

நெட்டையக்கா தன் முனையைக் கீழே போட, எதிரே வந்த சுண்டு நடப்பதை நிறுத்தினாள். இரண்டு மூலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அடுத்தவளும் நின்றாள். கூடம் முழுக்கப் பெண்கள் ஜோடி பிரிந்து, ஆளுக்கு ஒரு விரிப்பின் இரண்டு மூலையோடு நின்றார்கள். மறுமுனைகள் தரையில் கிடந்தன. வெளியே ஆஸ்பத்திரி லாரி, காது செவிடாகும்படி ஹாரன் அடித்தது.

முதலாளி பொறுமையிழந்து சுண்டு பிடித்த விரிப்பின் மறுமுனையை வாரினார். சூட்டில் துள்ளினார்.

"பாத்து முதலாளி," என்றாள் சுண்டு, "இல்லாத வேலை, கையைச் சுட்டுடப்போகுது."

கூடமே சிரித்தது, உருளைகூடச் சிரித்திருக்கும்.

"சிரிக்கிற அத்தனை பேரையும் நிறுத்திடுவேன்."

சிரிப்பு அணைந்தது. அவர் செய்யக்கூடியவர். ஒவ்வொருத்திக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது.

புதுப்பெண்தான் வாய் திறந்தாள். "அக்கா, லேபர் ஆபீசுக்கு நானும் வரேன். என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு நான்தானே சொல்லணும்?"

"உன் வேலை போயிடும்மா."

"உங்ககிட்டப் பிடுங்கினதுதானேக்கா இது? எனக்கும் குழந்தை இருக்கு. ஆனா இப்படி வேணாம்."

முதலாளி அவளை முறைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவு சாத்திய வேகத்தில் சுவர் ஒரு சாண் நகர்ந்தது. நாளை அதிகாரி என்ன சொல்வாரோ, யாருக்கும் தெரியாது.

"ஏங்க்கா, அந்த ஆபீஸ்ல எத்தனை பேர் உக்கார இடமிருக்கும்?" என்று கேட்டாள் சுண்டு.

நெட்டையக்கா திரும்பிப் பார்த்தாள். யாரும் மூலையை விடவில்லை.

"நாம என்னைக்குடி உக்காந்தோம்?" என்றாள். "நிப்போம்."

கீழே கிடந்த விரிப்பின் இரண்டு மூலைகளை எடுத்தாள். மறுமுனையைப் புதுப்பெண் எடுத்தாள், கட்டைவிரலைச் சரியாக உள்ளே கொடுத்து.