யானை மேல் இருவர்

...இல்லை, மழைக்காகத்தான் வந்திருப்பார், முதல் மழை பெய்தால் நீலுக்கு ஆபீசுக்கு லீவு போடத் தோன்றும், எனக்காக இருக்காது, மாலவ்லி ஸ்டேஷனில் இறங்கியபோதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தின் மேல் மேகம் வந்து படுத்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்... கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து புனேக்கு வந்து ஒன்பது வருஷம், சாங்வி வீடு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச், இதற்குள்ளேயே என் புனே முடிந்துபோயிற்று. திங்கட்கிழமை கோர்ட்டில் எனக்கும் நீலுக்கும் விவாகரத்துக்குக் கடைசிக் கையெழுத்து, அப்புறம் நான் சென்னைக்கு. போன வாரம் தன் புத்தகங்களை எடுத்துப்போகக் கராடியிலிருந்து வந்திருந்தார், தனியாகப் போன பிறகு அவருக்கு அங்கேதான் அறை. பெட்டி கட்டிக்கொண்டே, இந்த ஊரில் ஒரு இடம்கூட நான் பார்த்ததில்லை என்றேன், குறையாகச் சொல்லவில்லை, வாய் தவறி வந்தது. அவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "ஒன்னாவது பாத்துட்டுப் போ. கார்லா குகை போலாம், நானும் வரேன்." நான் ஏன் சரி என்றேன்?

படியேறும்போது முன்னால் போனார், வழுக்குமிடத்தில் நின்றார், கை நீட்டவில்லை, நான் தாண்டிய பிறகுதான் நகர்ந்தார். இரண்டு பக்கமும் பூக்கடைகள், குகைக்குப் பக்கத்துக் கோயில் ஏக்வீரா அம்மனுக்குத் தேங்காய் வாங்குகிறவர்கள், பாறையிலிருந்து நூல்நூலாக இறங்கும் தண்ணீர், எல்லாம் யாரோ தூக்கத்தில் சொல்வதுபோல் தூரத்தில் கேட்டது... எங்களுக்குள் என்னதான் நடந்தது, ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றவில்லை, கத்தவில்லை, ஹிஞ்சேவாடி ஆபீசிலிருந்து டிராஃபிக்கில் மூன்று மணி நேரம் சிக்கி வந்து அவர் பேசாமல் சாப்பிடுவார், நானும் பேசாமல் பரிமாறுவேன், ஒருநாள் பார்த்தால் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. 

குகைக்குள் நுழைந்ததும் மழைச்சத்தம் பின்னால் நின்றுவிட்டது, பெரிய வளைவு ஜன்னல் வழியாகப் பால் போன்ற வெளிச்சம், தலைக்கு மேலே கற்கூரையில் மரத்தாலான விலா எலும்புகள், ஒரு பெரிய மீனின் வயிற்றுக்குள் நிற்பதுபோல்... இரண்டாயிரம் வருஷத்து மரமாம், இன்னும் விழவில்லையாம். கைடு ஒருவர் மராத்தியில் ஒரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீல் என் காதருகே குனிந்து அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர், மராத்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தடுக்கும், ஒவ்வொரு வார்த்தையையும் சட்டைப்பையில் தேடி எடுப்பதுபோல் எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமிருந்து நான் மராத்தி கற்று வருஷங்கள் ஆகின்றன, அவருக்கு அது தெரியாது, நான் சொன்னதில்லை, இப்போது சொல்லவும் மனமில்லை, அந்தத் தடுமாறும் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று இருந்தது... கடைசியாக இந்தக் குரலை எப்போது இவ்வளவு பக்கத்தில் கேட்டேன்?

தூண்களின் உச்சியில் யானைகள் மண்டியிட்டிருந்தன, ஒவ்வொரு யானை மேலும் இரண்டிரண்டு பேர், ஒருவரையொருவர் ஒட்டி. கைடு கையை உயர்த்திக் காட்டினார், ஒன்று சொன்னார், அடுத்த தூணுக்கு நகர்ந்தார். நீல் நகரவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.

"இவங்க ரெண்டாயிரம் வருஷமா ஒன்னா ஒக்காந்திருக்காங்க" என்றார். பிறகு, மெதுவாக, "சண்டை வந்திருக்கும். ஆனா இறங்கல."

நான் தலையாட்டினேன். வெளியே மழை வலுத்தது, அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே குகைக் கோடியிலிருந்த புத்த ஸ்தூபியைச் சுற்றப் போயிற்று, நீலும் அவர்கள் பின்னால் இரண்டடி வைத்து, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தார். நான் தூணடியிலேயே நின்றேன்... யானைகளை ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அந்தக் கைடு மராத்தியில் சொன்னார்.