மண் கேட்ட வயிறு

எனக்கு மண் தின்ன ஆசை வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

பஃபலோ ரோட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. என் புருஷன் மருதப்பன் பால் கறப்பவர். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார் என் மாமியார் செல்லக்கண்ணு. ஐம்பத்தாறாம் வருடத் தைப்பொங்கல் கழிந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தீட்டு நின்றது. வாந்தி வந்தது, வயிறு உப்பியது. ஈரச் சுவரைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறியது.

"மண்ணு கேட்டா மசக்கைதான்டி! கண்மணி, என் வயித்துல பால வார்த்தியே!" என்று அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பரிசப் பேச்சு நின்றது. கோயிலுக்குப் பின்னால் இருந்த புற்றிலிருந்து தினமும் முந்தானையில் மண் முடிந்து வந்து ஊட்டினார். ஏழு வருடம் என்னை மலடி என்ற வாய் இப்போது ராசாத்தி என்றது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஆனால் சிரிக்க மூச்சு இல்லை.

மாட்டுக்குப் புல் அறுப்பது என் வேலை. பொத்தோங் பாசிரில் சீனர்களின் கீரைத் தோட்டத்து வரப்பில்தான் நல்ல புல் கிடைக்கும். அங்கே பாத்திக்கு மனித மலம்தான் உரம். எனக்கு ஏது செருப்பு? வெறுங்காலோடு சேற்றில் நிற்பேன். விரலிடுக்கு அரித்தால் சேற்றுப்புண் என்று மஞ்சளைத் தடவிக்கொள்வேன்.

போகப் போக நகமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்தது. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடத்தது.

"உள்ள இருக்கிறது ஒன் ரத்தத்தக் குடிக்குது லா, அப்படித்தான் இருக்கும்," என்றாள் எதற்கும் 'லா' சேர்த்துப் பேசும் பக்கத்து அறை ரத்தினம்மா.

குடிக்கட்டும், நன்றாகக் குடிக்கட்டும் என்று பூரித்துப் போனேன்.

ஏழாம் மாதம் வரை பொறுக்காமல் ஐந்திலேயே வளைகாப்பு வைத்தார் அத்தை. கை நிறையப் பச்சை வளையலோடு மணையிலேயே மயங்கி விழுந்தேன். கண் விழித்தது ஆஸ்பத்திரியில்.

யாழ்ப்பாணத்து டாக்டர் பேரின்பநாயகம் கட்டிலருகே நின்றார். "கர்ப்பம் இல்லை அம்மா. கொக்கிப்புழு. குடலைக் கடிச்சுப் பிடிச்சுக்கொண்டு இரத்தம் குடிக்குது. வெறுங்காலால உள்ள போனது."

"உள்ள பொரளுதே ஐயா! கைய வச்சுப் பாத்தேனே!"

"அது வாயு."

"அப்ப தீட்டு ஏன் நின்னுச்சு?"

"உடம்பில இரத்தம் இருந்தால்தானே வரும்? மண் கேக்கிறதும் அதாலதான்."

அட நாசமாய்ப் போனதுகளா! உண்ட வீட்டுக்கே இரண்டகமா? உங்களையா நான் இத்தனை நாள் தடவித் தடவிக் கொஞ்சினேன்?

கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, ஒங்க காலப் புடிச்சுக்கிறேன். கலஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. தங்கிக் கலஞ்சுதுன்னா என்னைய வச்சுக்குவாங்க. பூச்சின்னா தொரத்திடுவாங்க ஐயா."

"பொய் சொல்ல ஏலாது அம்மா. மருந்தைக் குடியுங்கோ. உடம்பு தேறினால் பிள்ளை பிறகு வரும்."

பிறகாம், பிறகு. எனக்கு எங்கே இருந்தது பிறகு?

மாலையில் அத்தை தனியாக வந்தார். டாக்டர் சொல்லிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எனக்கா வாய் இல்லை? அவர் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என் கையை மடியில் வைத்து வளையல்களைக் கழற்றினார். இளைத்த கையிலிருந்து ஒன்றுகூட உடையாமல் அவை வழுக்கிக்கொண்டு வந்தன.

"வச்சிருந்தா வர்றவளுக்கு ஆவும்," என்று பைக்குள் போட்டார்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் எனக்காக எடுத்து வைத்திருந்த புற்றுமண்ணை எச்சில் கிண்ணத்தில் கொட்டப் போனார். எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது.

"அத்தை," என்றேன், "அத மட்டும் எனக்குக் குடுத்துட்டுப் போங்க."