இருபத்தைந்தாவது ட்யூனப்

பத்து மணிக்குள் இசக்கிசெல்வி நாலு தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டாள். மாதத்தின் கடைசி நாள். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகிற கார்களெல்லாம் சர்வீஸ் சென்டரைத் தாண்டி நேரே போயின. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கார்தான். அதுகூட உள்ளே திரும்பமாட்டேன் என்றது.

வண்டி கொண்டுவருகிறவர்களிடம் பேசி வேலை எழுதிக்கொள்வது அவள் பொறுப்பு. ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. இந்த மாதம் இருபத்தைந்து வண்டிகளுக்கு 'எஞ்சின் ட்யூனப்' எழுதியிருந்தால் நிரந்தரம். இல்லையென்றால் நாளைக்கு வரவேண்டாம். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த மூன்று பெண்களும் அப்படித்தான் போனார்கள். நேற்று மாலையோடு இருபத்து நாலு ஆகியிருந்தது.

வீட்டுக்காரன் நல்லதம்பிக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று பத்து நாளாகக் குப்பியை மூடிவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். குளிக்காதவன் எண்ணெய்க்கு எதற்கு உடம்பைக் காட்டப்போகிறான்? சீசனை நம்பிய பிழைப்பு இந்த வருஷம் கைவிட்டுவிட்டது. இனி இவள் வேலைதான் வீட்டுக்கு ஒரே பிடிமானம்.

மதியம் மூன்று மணிக்கு ஒரு வெள்ளைக் கார் உள்ளே திரும்பியது. தானே ஓட்டிவந்திருந்த ஹஸீபா குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆயில் மட்டும் மாத்தணும்க்கா. நாளைக்குக் காலையில திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போறேன். எங்க வீட்டுக்காரங்க சவுதியில தம்மாம்ல இருந்து வாராங்க. ரெண்டு வருசமாச்சு." சொல்லும்போதே அவள் முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு வந்தது.

"மலைப்பாதைல்லா மேடம்? ஒரு ட்யூனப்பும் பண்ணிக்கிட்டா நல்லது. ஏத்தத்துல நல்லா இழுக்கும்."

"வாங்கி ரெண்டு வருசம்கூட ஆகலயே. எங்க வாப்பாவோட பழைய காருக்குத்தான் அடிக்கடி ட்யூனப்பு, ட்யூனப்பும்பாங்க. இந்தக் காலத்து வண்டிக்கும் அது வேணுமாக்கா?"

நேரான கேள்வி. பதில் இசக்கிசெல்விக்குத் தெரியும். மெக்கானிக் மந்திரமூர்த்தி முதல் மாதமே சொல்லியிருந்தார். பழைய வண்டியில் கார்பரேட்டர் திருகை முடுக்கி, சத்தத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். இப்போது அதையெல்லாம் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. ஃபில்டரும் ப்ளக்கும் அதது ஓடவேண்டிய தூரம் ஓடியதும் மாற்றினால் போதும். "ட்யூன் பண்ண அங்கன என்ன கெடக்கு தங்கச்சி? மூடியத் தொறந்து கும்புட்டுட்டு மூட வேண்டியதுதான்" என்று அவர் சொன்னபோது அவள் சிரித்திருக்கிறாள்.

இன்று சிரிப்பு வரவில்லை.

"வேணும் மேடம்" என்றாள்.

ஹஸீபா தலையாட்டினாள். அந்த நம்பிக்கை இசக்கிசெல்விக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கை தன்பாட்டுக்கு எழுதியது.

மந்திரமூர்த்தி கடுதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பத்தாறு வயது. மற்றவர்களிடம் எரிந்து விழுகிற மனுஷன், அவளிடம் மட்டும் குரலை உயர்த்தமாட்டார்.

"இன்னைக்கு வேண்டாம் தங்கச்சி. ஸ்கேனரை நேத்தே செங்கோட்டைக் கிளைக்குத் தூக்கிட்டுப் போயிட்டானுவ. ட்யூனப்புன்னா த்ராட்டிலை, எஞ்சினுக்குக் காத்து போற வாயைத் தொடைக்கணும். தொடச்சா, புது அளவை ஸ்கேனர் வச்சுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். சொல்லலன்னா ஐடிலிங் சரியாப் பிடிக்காது. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி ஆஃப் ஆயிரும்."

"தொடைக்காம, தொடச்சாச்சுன்னு எழுதிருவோமே அண்ணாச்சி."

"போட்டோ கேக்குதானுவளே. தொடைக்கதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ஆப்ல ஏத்தாட்டா கணக்குல வராது."

அதுவும் அவளுக்குத் தெரியும். போன மாதம் செங்கோட்டைக் கிளையில் ஒருத்தன் ஒரே படத்தைப் பத்து வண்டிக்குப் போட்டு மாட்டிக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு. இப்போது ஒவ்வொரு படத்திலும் வண்டி எண்ணும் தெரிய வேண்டும். நன்றாக இருக்கிற எஞ்சினைப் படம் பிடிப்பதற்காகவே பிரிக்க வேண்டியிருந்தது.

இசக்கிசெல்வி அங்கேயே நின்றாள். "இருவத்தி நாலுலயே நிக்கேன் அண்ணாச்சி" என்றாள்.

மந்திரமூர்த்தி பானட்டைத் தூக்கினார். காற்று போகிற குழாயைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலின் வாயைக் காட்டினார். லேசாகக் கறுப்புப் படிந்திருந்தது, அவ்வளவுதான். அவள் படம் எடுத்தாள். அவர் மருந்தடித்துத் துணியால் துடைத்தார். அவள் இன்னொரு படம் எடுத்தாள். செல்லில் பச்சை டிக் விழுந்ததும், ஆறு மாதமாக நெஞ்சிலிருந்த கனம் இறங்கியது.

பூட்டி ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் வேகம் காட்டுகிற முள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அவர் காலை எடுத்ததும் எஞ்சின் இரண்டு தடவை குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி நின்றது. மானேஜர் சிவசுப்பிரமணியன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்னவே?"

"ஸ்கேனர் வரட்டும் சார். நாளைக்குக் கொடுப்போம்."

"நாளைக்கா? டெலிவரி கொடுத்தாத்தான் இந்த மாசக் கணக்கு. ஓட ஓட அதுவாப் படிச்சுக்கிடும்வே. கையெழுத்தைப் போட்டு அனுப்பு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி வெளியே போக மெக்கானிக்கின் கையெழுத்து வேண்டும். மந்திரமூர்த்தி பேனாவைத் தொடாமல், ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்தார். முக்கால்வாசி சரியாகியிருக்கிறது, ஆனாலும் நம்ப முடியாது என்றார். மணி ஐந்தரை. ஆறு மணிக்குக் கணக்கை மூடிவிடுவார்கள். ஹஸீபா வரவேற்பறையில், செல்லில் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாளைக்கு என்ன ஆக்கி வைக்க என்று கேட்பது இங்கே கேட்டது.

"அண்ணாச்சி" என்றாள் இசக்கிசெல்வி. இரண்டு கையாலும் காகிதத்தை நீட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனால் கையை மடக்கவில்லை.

மந்திரமூர்த்தி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரே ஹஸீபாவிடம் போய், "வளைவுல காலைச் சுத்தமா எடுத்துராதீங்கம்மா. லேசா மிதிச்சுக்கிட்டே போங்க" என்று மூன்று தடவை சொன்னார். அவள் மூன்று தடவையும் சரி என்றாள்.

இரவெல்லாம் இசக்கிசெல்விக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் வேலைக்கு வந்து ஒவ்வொரு போனையும் முதல் மணியிலேயே எடுத்தாள். பத்து மணிக்கு அந்தப் போன் வந்தது.

ஆரியங்காவு ஏற்றத்தில் ஒரு கொண்டைஊசி வளைவில், எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஹஸீபா காலை எடுத்திருக்கிறாள். வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்டு, தடுப்புச் சுவரில் மோதியது. சுவர் இருந்ததால் தப்பித்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஏர்போர்ட்டில் இறங்கியவர் மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு, பெட்டிகளோடு நேரே புனலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சிவசுப்பிரமணியன் அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"வண்டி சரியில்லன்னு தெரிஞ்சும் போட்டிருக்கீரு."

மந்திரமூர்த்தி மானேஜரைப் பார்த்தார். பிறகு இசக்கிசெல்வியை ஒரு தடவை பார்த்தார். நீங்கள்தானே அனுப்பச் சொன்னீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் உதடு பிரிந்தது. நிரந்தர உத்தரவு அந்த மேஜையிலேயே, கையெழுத்தாகாமல் அடுத்த ஃபைலில் இருந்தது. அவள் உதட்டை மூடிக்கொண்டாள். சிவசுப்பிரமணியன் மந்திரமூர்த்தியின் வேலைநீக்க உத்தரவிலும் அவளுடைய நிரந்தர உத்தரவிலும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"டூல்ஸை எடுத்துட்டுப் போகட்டும். கம்பெனிச் சாமான் எதுவும் கலந்திராம, நீ போய் லிஸ்ட் எழுதும்மா" என்றார்.

கேட் அருகே, மழையில், வாட்ச்மேன் டூல்ஸ் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து சிமென்ட் தரையில் வைத்தான். எல்லாம் மந்திரமூர்த்தி சொந்தமாக வாங்கியவை. இருபது வருஷத்துச் சாமான்கள். அவள் எழுதினாள். ஸ்பேனர் பதினான்கு. ஸ்குரூ டிரைவர் ஆறு. கட்டிங் பிளேயர் ஒன்று. மை கரைந்து எண்கள் ஒன்றோடொன்று கலந்தன. அவள் நிமிரவே இல்லை.

திடீரென்று காகிதத்தின்மேல் தூறல் நின்றது. மந்திரமூர்த்தி தன் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்திருந்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"பேப்பர் நனையுது மேடம்" என்றார். "நிதானமா எழுதுங்க."