வாசுகி அம்மனிடம் சொன்னது

தன் புருஷன் பாலகுமார் ஊட்டிக்கு வேலை தேடித்தான் போகிறான் என்பதை வாசுகி நம்பவில்லை.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து, மஞ்சூர்ப் பக்கம் அவர்கள் இருந்த எஸ்டேட்டின் ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. இலையைக் காயப்போடும் பகுதியில் அவனுக்கு வேலை. ஃபேக்டரி ஓடாத நாட்களில் காலை பஸ்ஸில் ஏறிவிடுவான். வேலை தேடி அலைந்தவன் சோர்ந்துதானே வரவேண்டும்? இவன் தொண்டை கட்டி, முகம் தெளிந்து திரும்பினான். குளிக்கும்போது ஏதோ முனகுவான். அவள் காலடி கேட்டால் நிறுத்திவிடுவான். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதவோரம் நின்று கேட்டாள்.

"நீ பாக்கலைன்னாலும் நான் உன்னத்தான் பாக்குறேன்" என்று பாடிக்கொண்டிருந்தான்.

யார் அந்த 'நீ'?

ஆனி மாதம் அவளுக்கு ஆறு மாதத்தில் கரு கலைந்துபோனது. அதற்குப் பிறகு இருவரும் உப்பு, விறகு, பஸ் நேரம் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் பேசாத ஆம்பிளை வேறெங்கோ பேசுகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பக்கத்து லைன் வீட்டுச் சின்னம்மை அதற்குத் தூபம் போட்டாள்.

"ஊட்டி காந்தல்ல, ரேஷன் கடைக்குப் பின்னால ஒரு பச்சக் கதவு வீடு, புள்ள. உம் புருஷன் உள்ள போனத பாத்தேன். கதவத் தொறந்தது ஒரு பொம்பள."

மறுநாள் அவன் கிளம்பியதும், வாசுகி இலை பறிக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். பச்சைக் கதவைத் தட்டினாள். கையில் மாவோடு ஒரு பெண் திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

"பாலகுமார் வந்திருக்காரா?"

"பின்னாடி ஷெட்ல எங்க ஊட்டுக்காரரோட இருக்காருங்க. போங்க. காதுதான் வலிக்கும்."

அதற்குள் தகரம் அதிர்ந்தது. ஷெட்டுக்குள் ஒருவன் டிரம்ஸை அடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணின் புருஷன் மோசஸ், டாக்சி ஓட்டுபவன். அவனுக்கு முன்னால் பாலகுமார், தோளில் எலக்ட்ரிக் கிடார். கண்ணை மூடிக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பாடினான்.

"எண்ணெ இல்ல, திரி இல்ல,
இருட்டுலயே உக்காரு தாயே,
நானும் அப்படித்தான் உக்காந்திருக்கேன்."

வேறு பெண் யாரும் இல்லை, அவன் தேடும் 'நீ' அம்மன்தான் என்று அந்த நிமிஷமே வாசுகிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மனம் ஆறவில்லை. அந்த வார்த்தைகள் அவளுடையவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, விளக்குக்கு எண்ணெய்கூட இல்லாமல் கிடந்த எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தனியாக நின்று அவள் அம்மனைத் திட்டிய வார்த்தைகள்.

அவளைப் பார்த்ததும் பாலகுமார் கிடாரைப் பிடித்து நிறுத்தினான்.

"யாரு எழுதின பாட்டு இது?" என்று அவள் மோசஸிடம் கேட்டாள்.

"அண்ணன்தாங்க. கேட்டா நெஞ்சு அடைக்குது."

"அவரு எழுதல."

பாலகுமார் தலையைக் குனிந்தான். "அன்னிக்கு மழை. கொடை எடுத்துட்டு ஒன்னத் தேடி வந்தேன். நீ பேசிட்டிருந்த. உள்ள வர தைரியம் வரல."

"ஒட்டுக் கேட்டுட்டு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. கிடார்கிட்ட பேசியிருக்கீங்க."

"உங்கிட்ட பேசினா அழுதுருவேன். இதுலன்னா கத்தலாம்."

"நான் பேசி முடிக்கற வரைக்கும் நின்னீங்களா?"

"இல்ல. போயிட்டேன்."

"அப்ப பாதிதான் கேட்டிருக்கீங்க."

மோசஸ் மெதுவாகக் கேட்டான்: "மீதி என்னங்க, அண்ணி?"

"சொன்னா அதையும் பாட்டுல போடுவீங்க." அவள் புருஷனைப் பார்த்தாள். "மீதிக்கு நீங்களே போயி சாமி முன்னால நில்லுங்க. அது உங்க புள்ளையுந்தான்."

அவன் நாலு மாதமாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை போனான். வாசுகி தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்தாள். அவன் கும்பிடவில்லை, சும்மா நின்றான். விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. தாளம் போடுகிறானா, நடுங்குகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து, கிடார் இல்லாமலே பாடிக் காட்டினான்.

"கோபம் இருக்கு, நம்பிக்கை இருக்கா தெரியல.
பேர் வெக்காத புள்ளைக்கு
நீயே ஒரு பேர் வெய்யி."

வாசுகி கேட்டாள்: "அங்க நின்னு இதக் கேட்டீங்களா, இல்ல பாட்டுக்காகச் சொல்றீங்களா?"

"அங்க வாயே தொறக்கல. வர்ற வழியிலதான் வந்துச்சு."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

காந்தல் இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் பாலகுமாருக்கும் மோசஸுக்கும் ஒரு பாட்டுக்கு இடம் கிடைத்தது. முதல் சத்தத்துக்கே முன்வரிசையில் சிரித்தார்கள், சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். 'எண்ணெ இல்ல, திரி இல்ல' வந்ததும் சிரிப்பு அடங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் வேலை குறைந்துபோன எஸ்டேட் தொழிலாளர்கள். 'பேர் வெக்காத புள்ளைக்கு' என்ற இடத்தில் பாலகுமாருக்குக் குரல் நின்றுவிட்டது. மோசஸ் அடிப்பதை நிறுத்தவில்லை. கடைசி வரியை பாலகுமார் பாடவே இல்லை, கம்பிகளில் மட்டும் இழுத்தான். வாசுகி கடைசித் தூணருகே நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடிப்பாக இருக்குமோ என்று தேடினாள். கிடைக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்டான்: "எப்படி இருந்துச்சு?"

"சத்தம் ஜாஸ்தி."

எமரால்டு ஸ்டாப் தாண்டியதும் அவளே பேசினாள். "அன்னிக்குக் கோயில்ல கடைசியா நான் என்ன சொன்னேன் தெரியுமா? எவ்வளவு திட்டினாலும் எந்திரிச்சுப் போயிராத ஆத்தான்னு சொன்னேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பாட்டுல போடக்கூடாது" என்றாள்.

"போடல."

அவள் அவனை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். "அடுத்த தடவ பாடும்போது நானும் வரேன். நீங்க போடுறீங்களா இல்லையான்னு நான் பாக்கணும்."