பத்தாம் நம்பர் டைனோசர்

சாளை மீனைக் கழுவி முடிப்பதற்குள் அந்த வீடியோ நாலு பேரிடமிருந்து வந்துவிட்டது. சுல்ஃபியா சுண்டுவிரலை நைட்டியில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டாள். திருவனந்தபுரத்தில் ஏதோ கண்காட்சி. மேடையில் பிரிஜா நின்றாள், கையில் பச்சை ஷூ. குதிகாலிலிருந்து கணுக்கால்வரை ஏறும் முள் வரிசை, முன்னால் மூன்று வெள்ளை நகங்கள். பிரிஜாவின் தையல்கடைப் பின்னறையில் உட்கார்ந்து, ரப்பர் ஷீட்டை முள் முள்ளாக வெட்டி, பசையில் விரல் தோலுரிய ஒட்டி சுல்ஃபியா செய்த ஷூ. “என்னோட டிசைன்” என்றாள் பிரிஜா. போகட்டும் என்றுதான் சுல்ஃபியா நினைத்தாள். கடை அவளுடையது, ஆர்டர் பிடித்தவள் அவள், நாலு பேர் முன்னால் பேசும் நாக்கும் அவளுக்குத்தான் உண்டு.

பிறகு யாரோ கேட்டார்கள், இந்த யோசனை எப்படி வந்ததென்று. பிரிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கல்யாணம் ஆன புதுசு. விருந்தாளிங்களுக்கு டீ கொண்டுட்டு வாறேன். எங்க மாமியார் எல்லாரு முன்னாலயும், ‘டைனோசரு வருது, கிளாஸ எல்லாம் ஒதுக்கி வையுங்க’ன்னு சொன்னாங்க. அன்னையில இருந்து நான் வீட்டுக்குள்ள பெருவிரல ஊணித்தான் நடப்பேன்.”

கூட்டம் கைதட்டியது. சுல்ஃபியா மீன்சட்டியைத் தள்ளி வைத்தாள்.

பிரிஜாவின் கால் ஐந்தாம் நம்பர், குழந்தைக்கால். அவளுக்கு மாமியாரே கிடையாது, புருஷனைப் பெற்றவள் இவர்கள் கல்யாணத்துக்கு முந்தியே கல்லறைக்குப் போய்விட்டாள். செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்! பத்தாம் நம்பர் கால் சுல்ஃபியாவுடையது. குளச்சலில் எந்தக் கடையிலும் பெண்கள் பக்கத்தில் அந்த அளவு இல்லாமல், ஆம்பளைச் செருப்பைப் புடவைக்கடியில் மறைத்துக்கொண்டு கல்யாணத்தன்று நின்றவள் அவள்தான். அந்த டீயும், அந்த டைனோசரும், விருந்தாளிகளின் சிரிப்பும் அவளுடையவை. சொன்னவள் அவளுடைய மாமி, புருஷனைப் பெற்ற மைமூன் பீவி. மாமி கெட்டவள் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் மறந்துபோகிற ரகம். சுல்ஃபியாவுக்குத்தான் நாலு வருடமாக மறக்கவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லாததை ஒருநாள் கடையில் அழுதுகொண்டே பிரிஜாவிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியமும் வாங்கினாள். அதற்குப் பின்தான் முதல் ஷூவைத் தன் காலுக்கே வெட்டினாள். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் தொம் தொம்மென்று நடந்தபோது இருவரும் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

வீடியோவை நிறுத்திவிட்டு உடனே பிரிஜாவுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, நான் ஒனக்க பேரச் சொன்னேனா?” என்றாள் பிரிஜா. “யாருட்டயும் சொல்லாதேன்னு நீதானே சத்தியம் வாங்குன? அதான் எனக்க மேல போட்டுச் சொன்னேன். ஒனக்க வீட்டுல பிரச்சன வரப்பிடாதுல்லா?”

“அது எனக்குள்ளதுட்டி” என்றாள் சுல்ஃபியா. ஷூவைக் கேட்டிருந்தால் எடுத்துக்கொள் என்று கொடுத்திருப்பாள். பட்ட அவமானத்தையுமா ஒருத்தி எடுத்துப் போட்டுக்கொள்வாள்? பிரிஜா வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாள்.

திரும்பினால் அடுக்களை வாசலில் மாமி. கையில் போன், கண்ணெல்லாம் சிவப்பு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோ வந்திருக்கிறது. மாமிக்குத் தெரிந்தவரை சுல்ஃபியா அந்தக் கடையில் பிளவுஸுக்குக் கொக்கி வைப்பவள், அவ்வளவுதான்.

“இது ஒனக்க பிரிஜாதானே மக்கா? யா அல்லாஹ், ஒரு சின்னப் பிள்ளையப் பாத்து இப்பிடியா சொல்லுவா! அவளும் ஒரு பொம்பளதானா? அந்தப் பிள்ளைக்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்!”

சுல்ஃபியா மாமியின் முகத்தையே பார்த்தாள். ஒரு நிழல், ஒரு திடுக்கிடல், ஏதாவது தட்டுப்படுமா என்று பார்த்தாள். இரக்கத்தைத் தவிர அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

“போன் போட்டுக் குடு மக்கா. ரெண்டு வார்த்த ஆறுதல் சொல்லட்டு.”

மறுத்திருக்கலாம். ஆனால் ஒரு நப்பாசை. மாமியின் குரலைக் கேட்டால் பிரிஜாவுக்கு நாக்கு எழும்பாது, எதையாவது உளறுவாள், உண்மை எப்படியும் வெளியே வரும். போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, மாமியின் கையில் கொடுத்தாள்.

மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். கவலைப்படாதே மக்கா, நாக்குல நரம்பில்லாதவளுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான், நீ நல்லா இருப்பே என்றாள். சுல்ஃபியா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். சொல்லு பிரிஜா, ஒரு வார்த்தை சொல்லு.

பிரிஜா விசும்பினாள். நிஜமான விசும்பல் போலத்தான் இருந்தது.

“உங்கள மாதிரி ஒரு மாமி கிடைக்க சுல்ஃபியா குடுத்து வச்சிருக்கணும்.”

மாமியின் முகம் பூரித்துப் போயிற்று. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி, மீன் வாடை அடிக்கும் சுல்ஃபியாவின் ஈரக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.