வெர்ன் ஹாலக் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி

வெர்ன் ஹாலக் செத்துப்போனதை ஆங்கிலப் பேப்பர் இரண்டே வரியில் முடித்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் எங்கள் தமிழ் வாரப் பத்திரிகையில் அரைப்பக்கக் கண்ணீர் அஞ்சலி போட்டேன். மலர்வு, உதிர்வு என்று பிறந்த, இறந்த திகதிகள், நடுவில் தொப்பியோடு படம். 'சஸ்கச்சுவானைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட கன்ட்ரி ரொக் பாடகரும் பாடலாசிரியருமான' என்று முறைப்படி எழுதி, கீழே 'தகவல்: அருள்நாயகம்' என்று என் பெயரையும் ரெலிபோன் இலக்கத்தையும் கொடுத்தேன். அவருடைய பாட்டைக் கேட்ட ஒரேயொரு ஆள் எடுத்து, நானும் கேட்டிருக்கிறேன் என்று சொன்னால் எனக்குப் போதும்.

போன் ஓயவில்லை. எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான்: எங்கள் பிள்ளைகளில் யார் வெள்ளைக்காரர் வீட்டில் கலியாணம் செய்தது? றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் என் மச்சாள், எங்களுக்குத் துடக்கு எத்தனை நாள், கோயிலுக்குப் போகலாமா என்றுகூட விசாரித்தார். என் மனைவி பேபி போனைத் தூக்கி என் முன்னால் வைத்தாள்.

"செத்தவர் உங்களுக்கு ஆரெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

நியாயமான கேள்விதான்.

எண்பத்தொன்பதில் ரொறன்ரோ பார்க்டேலில் ஒரு பாருக்கு மேலே, நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அவர் கீழே பாடுவார். தரைக்குள்ளால் முதலில் ட்ரம் சத்தம்தான் வந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாக விளங்கத் தொடங்கியது. விற்றுப்போன பண்ணைக்கு வேலி திருத்துகிற ஒருவனைப் பற்றி ஒரு பாட்டு. வேறு யாராவது என்றால் அழுது வடித்திருப்பார்கள். இந்த மனுசன் ட்ரம்மையும் கிற்றாரையும் ஓடவிட்டு, வாங்கினவன் வந்து சேர முதல் வேலையை முடிக்கவேண்டும் என்கிற அவசரத்தில் பாடுவார். கடைசி வரியில் மட்டும் குரல் கொஞ்சம் பிந்தி வரும். அந்தப் பிந்தலில்தான் அவ்வளவும் இருந்தது. அந்த மாரிக் குளிரில் எனக்குச் சாகிற எண்ணம் இருந்தது. சாகாததற்கு அவர்தான் காரணம். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பிறகு சனிக்கிழமைகளில் கீழேயே இறங்கிப் போய்க் கேட்டேன். நகரத்தின் மறுகோடியில் மோர்னிங்சைட்டுக்கு வீடு மாறிய பிறகும் பஸ், ரெயின், ஸ்ட்ரீட்கார் என்று மாறி மாறிப் போனேன். ஒன்பது வருடம், ஒரு சனி தவறவில்லை. பின்வரிசைக் கதிரை. கோட்டைக் கழற்றமாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒருநாளும் கைதட்டியதில்லை. கோயிலில் தேவாரம் படித்து முடிந்ததும் யாராவது கைதட்டுவார்களா? குடித்துவிட்டு விசிலடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். போய்க் கதைக்க அப்போது என்னிடம் அவ்வளவு ஆங்கிலமும் இல்லை. கடைசியில் நாலைந்து பேர்தான் வந்தோம். பிறகொரு சனி போனபோது, அவர் இனிப் பாடவரமாட்டார் என்றார்கள்.

பத்திரிகை வந்த நாலாம் நாள் ஒரு பெண் ஆங்கிலத்தில் கதைத்தாள். பெயர் றெபேக்கா. வெர்ன் ஹாலக்கின் மகள். அவளோடு வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி கடையில் படத்தைக் கண்டு, முழுவதையும் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அப்பாவைப் பற்றி யாரும் இவ்வளவு எழுதியதில்லை என்று அழுதாள். புதன்கிழமை அடக்கம், ஐந்தாறு பேர்தான் வருவார்கள், நீங்கள் வந்து இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தத் துணிச்சலில், அவர் ஏன் பாடுவதை விட்டார் என்று கேட்டேன்.

அது அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதையாம். அவர் பாடிய கடைசி வருடங்களில் ஒரு மனிதன் கிழமை தவறாமல் வருவானாம். கோட்டோடு பின்னால் இருப்பானாம். கையைக் கட்டிக்கொண்டு, சிரிப்பில்லாமல், தட்டாமல், நேரே பார்ப்பானாம். முதலில் பொலிஸ் என்று நினைத்தாராம்.

"பிறகுதான் அப்பாவுக்கு விளங்கியது. குடிவெறிகாரர் எதற்கும் கைதட்டுவார்கள். அந்த ஒருவன்தான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். கேட்டும் அவன் மனதில் ஒன்றுமே படவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் இனிப் பாடமுடியாது என்று கிற்றாரைப் பெட்டியில் வைத்தார். சாகும்வரை திறக்கவில்லை."

நீங்கள் அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை, கசெற்றில்தான் கேட்டேன் என்றேன்.

"உங்களைப் போல ஒரு ஆள் அங்கே வந்திருந்தால், அப்பா விட்டிருக்கமாட்டார்."

ஓம் என்றேன். புதன்கிழமை கட்டாயம் வருவதாகவும் சொன்னேன். போகவில்லை.