அழுகை விளக்கு

விடியற்காலையில் பச்சைத் துணியோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அது துணியா பேயா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஒரு சுவரையே மூடுகிற அளவுக்கு நீளம். தரையில் விரித்து, முட்டி போட்டு, நீராவி இஸ்திரிப் பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தால் போச்சு. காமிராவில் அது கோடாகத் தெரியும். அந்தப் பச்சைக்கு மேலே கம்ப்யூட்டர் கொண்டுவந்து ஒட்டுகிற பளிங்குத் தூணும் பூந்தோட்டமும் நடுவில் கிழிந்து தொங்கும். அப்புறம் முதலாளி என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். ஆவி அடித்து அடித்து என் முகம் எந்நேரமும் வேர்த்த மாதிரியே இருக்கும். முழங்கால் இரண்டும் காய்த்துப்போய்விட்டன.

முன்பெல்லாம் பெரிய மண்டபத்தில் நடக்கும், ஏழைப் பிள்ளைகளுக்காக முதலாளி நடத்துகிற இந்தத் தர்ம விழாக்கள். கச்சேரி, நடனம், விருந்து, கைதட்டல் என்று ஊரே திரண்டு வரும். நாங்களும் ஒரு பட்டாளமாக வேலை செய்தோம். இப்போது எல்லாம் இணையவழி. பெரிய மனிதர்கள் அவரவர் வீட்டில் சாய்ந்துகொண்டு பார்க்கிறார்கள். ஒரு பாட்டு, ஒரு நடனம், நடுவில் ஒரு துக்கக் கதை, உடனே நன்கொடை. கடல் தாண்டி எங்கோ இருக்கிற அவர்களுக்கு அது ராத்திரி விருந்து நேரம். எங்களுக்கோ காலைப் பசி நேரம். மண்டபத்தைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்துக் கிடங்கையே படப்பிடிப்புக் கூடம் ஆக்கிவிட்டார் முதலாளி.

"ஜனமே வராத இடத்துக்கு எதுக்கு இத்தனை ஜனம்?" என்று கேட்டு ஆட்களைக் கழித்தார். முதலில் போனவர்கள் ஏணி பிடிக்கிறவர்கள். மிஞ்சினது நான், தச்சர், காமிராக்காரர், ஒலிக்காரர், அப்புறம் விளக்குக்காரரான என் அண்ணன். ஒலிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் செவிடர். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் மனுஷனை எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

போன மாதம் அண்ணன் ஏணியில் தனியாக ஏறினான். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தடாலென்று சத்தம். "அண்ணா, லைட்டு ஒடஞ்சுதா?" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். பதில் இல்லை. ஐயோ, உடைந்தது லைட்டாக இருந்திருக்கக் கூடாதா! நான் போய்ப் பார்த்தபோது அவன் கையில் திருப்புளி இருந்தது, கண் திறந்திருந்தது, பேச்சு மட்டும் இல்லை.

இன்றைக்கு விழாவின் துக்கக் கதை என் அண்ணிதான். முதலாளியே வீடு தேடி வந்து ஏற்பாடு செய்தார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, "என் வீட்டுக்காரர் வீட்டு மாடியில கால் தவறி விழுந்துட்டாரு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் குட்டிக்கு, என் அண்ணன் மகளுக்கு, முதலாளியின் அறக்கட்டளைப் பள்ளியில் இடம். படிப்பு முடிகிறவரை அவர்கள் பொறுப்பு. சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

அதனால் இன்று காலை அண்ணியும் என்னோடு வந்திருந்தாள். நான் கேட்காமலே துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அந்தப் பொய்யைச் சொல்லத்தான் போறீங்களா அண்ணி?"

"இழுத்துப் பிடி. உன் பக்கம் தொங்குது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நம்ம வீட்டுக்கு மாடி இருக்கா? இல்லாத மாடியிலேர்ந்து எப்படி விழுந்தாராம்?"

"பாக்கிறவங்க வந்து எண்ணிப் பாக்கப் போறாங்களா?"

"இங்கதான் விழுந்தாருன்னு ஒரு வார்த்தை..."

"சொன்னா எழுந்து வந்துடுவாரா உங்க அண்ணன்?" அண்ணியின் குரல் உடைந்தது. துணியை மட்டும் விடவில்லை. "குட்டி படிக்கணும். அவளும் உன்னை மாதிரி இந்தத் துணிக்கு முட்டி போடணுமா? சொல்லு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தேன். இருவரும் துணியைத் தூக்கிச் சுவரில் மாட்டினோம்.

ஒத்திகை ஆரம்பமானது. பெட்டி பெட்டியாகத் திரையில் விருந்தாளிகள் முளைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தர் சட்டைக் காலரைச் சரிசெய்கிறார், ஒருத்தி பூனையை மடியிலிருந்து இறக்கிவிடுகிறாள். அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியும். நேரலை தொடங்கும்வரை நாங்கள் அவர்களுக்குத் தெரிய மாட்டோம்.

தச்சரைத்தான் இப்போது விளக்குக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார் முதலாளி. "ஆணி அடிக்கிறவனுக்கு லைட்டைப் பத்தி என்ன சார் தெரியும்?" என்று அவர் புலம்பினதற்கு, "தரையில டேப் ஒட்டியிருக்கு பாரு. இதுல நாற்காலி, அதுல விளக்கு. இதுக்கு என்ன பெரிய படிப்பு?" என்று முடித்துவிட்டார்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன விளக்குதான். பேசுகிறவர் முகத்துக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் வைப்பது. கண்ணில் தண்ணீர் கட்டினால் போதும், அதில் பட்டுப் பளபளவென்று மின்னும். பார்க்கிறவர் கை தானாகப் பணத்துக்குப் போகும். நாங்கள் அதை அழுகை விளக்கு என்போம். கண்டுபிடித்தவன் என் அண்ணன். முதலில் அவனுக்கு அதில் ஒரே பெருமை. அப்புறம் நோயாளிகளும் அநாதைப் பிள்ளைகளும் மாறி மாறி அந்த நாற்காலியில் உட்கார உட்கார, "அடுத்தவங்க கண்ணீரைப் பாலிஷ் போடறேன், வேற என்ன பண்றேன்?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான்.

தச்சர் நாற்காலியை அடையாளத்தில் வைத்தார். அண்ணி உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

"சொல்லுங்கம்மா. நிதானமா. காமிராவைப் பார்த்து" என்றார் முதலாளி. அண்ணியிடம் பேசும்போது மட்டும் குரலில் தேன் ஒழுகியது.

"என் வீட்டுக்காரர்..." என்று தொடங்கின அண்ணி தலையைக் குனிந்தாள். கண் தரையிலேயே நின்றுவிட்டது.

"மேல பாருங்கம்மா."

"இந்த டேப்பை யாரு ஒட்டினது?"

ஒரு கையில் விளக்கு இருப்பதால் அண்ணன் எப்போதும் டேப்பைப் பல்லால்தான் கடித்துக் கிழிப்பான். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும். வீட்டு ஜன்னல் கண்ணாடி விரிசலுக்கும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறான். தினம் அதைப் பார்த்துச் சமைக்கிறவள் அண்ணி, அவளுக்கா தெரியாது? இங்கே எங்கள் காலுக்குக் கீழே அது கிடந்தது. எங்களில் ஒருத்தருக்கும் அதை உரித்தெடுக்க மனசு வரவில்லை.

"அவருதாம்மா" என்றார் காமிராக்காரர் கடைசியில்.

அண்ணி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அந்த டேப்பின் ஓரத்தை விரலால் தடவினாள். "பாவி, கத்தரிக்கோல் வாங்கி வெச்சேனே, கேட்டீங்களா?" என்று திட்டினாள். பக்கத்தில் அவன் நிற்கிற மாதிரியே திட்டினாள். அப்புறம் அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என் அண்ணன் வைத்த இடத்தில் இருந்த அவன் விளக்கு அவன் பெண்டாட்டியின் கண்ணீரை மின்ன வைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவா நான் உயிரோடு இருந்தேன்!

"அருமை!" என்றார் முதலாளி. "அருமைம்மா! இதை அப்படியே வெச்சுக்கோங்க. நேரலையில எனக்கு இதேதான் வேணும்."

தச்சர் குனிந்து விளக்கை அணைத்தார்.

"யோவ், ஏன்யா அணைச்சே?"

"போதும் சார்."

"போதுமா இல்லையான்னு நான் சொல்லணும்."

"இவ்வளவு நாளும் நீங்கதான் சொன்னீங்க."

முதலாளியின் குரலில் தேன் வற்றிவிட்டது. "என்னய்யா பேச்சு இது? அந்த ஆளை ஏணியில ஏறச் சொன்னது நானா?"

"ஏணி பிடிக்கிறவனை வீட்டுக்கு அனுப்பினது யாரு சார்?"

"சரி, இங்க விழுந்தாருன்னே சொல்லுவோம். அப்புறம் இந்த விழாவுக்கு ஒரு பய பணம் கொடுப்பானா? எத்தனை ஏழைப் பிள்ளைங்க வயித்துல நீ அடிக்கிறேன்னு தெரியுதா உனக்கு?"

"இந்தப் பிள்ளை அப்பனைக் கொன்னுட்டு அந்தப் பிள்ளைக்குச் சோறு போடற கணக்கு எனக்குப் புரியல சார். அவரு உங்க வேலையிலதான் செத்தாருன்னு எழுதிக் கொடுங்க. குட்டிக்குச் சேர வேண்டியது பிச்சையா வேண்டாம், உரிமையா வரட்டும். ஏணிக்கு ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் விளக்கைத் தொட மாட்டேன்."

காமிராக்காரர் லென்ஸை மூடினார். எங்கள் செவிடர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எல்லாம் கேட்டுச்சு சார்" என்றார். நான் என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? விடியலிலிருந்து முட்டி தேயத் தேய்த்த துணியை ஒரே இழுப்பில் சுவரிலிருந்து உருவிப் போட்டேன். பின்னால் இருந்த காரை பெயர்ந்த சுவர் பல்லை இளித்தது.

முதலாளி எங்களை விட்டுவிட்டு அண்ணியிடம் திரும்பினார். "பொண்ணோட பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கட்டும்மா."

"ஞாபகம் இருக்கு சார்." அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அதனாலதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்."

"வெளிய போங்க எல்லாரும்! உங்களை விட்டா ஆளே இல்லையா இந்த ஊர்ல?"

போனோம். வாசல் படியில் வரிசையாக உட்கார்ந்தோம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. வீட்டில் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று தச்சருக்குள் ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. "வாய்க்கொழுப்பு எனக்கு" என்று முணுமுணுத்தார். "எங்களுக்கு மட்டும் என்ன குறைச்சலா?" என்றேன். சிரிக்க முயன்றோம், வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாடகை விளக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. முதலாளி கூப்பிட்ட மாற்று ஆட்கள். டிரைவரும், சுமை தூக்குகிற மூன்று பேரும். எங்களைப் போலத்தான் அவர்களும், தூக்கம் கலையாத முகம், கையெல்லாம் சிராய்ப்பு. பின்கதவைத் திறந்து விளக்குகளை இறக்கத் தொடங்கினார்கள்.

"என்னக்கா, வழியை மறிச்சு உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் ஒருவர். கையில் கனமான பெட்டி. குரலில் எரிச்சல்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினாள். குரல் பெரிதாக இல்லை. அழுது அழுது கம்மிப்போயிருந்தது.

"என் வீட்டுக்காரர் லைட்டு வேலை செஞ்சாருப்பா. உள்ள ஒரு ஏணி நிக்குது. அதுலேர்ந்துதான் விழுந்தாரு. பிடிக்க ஆள் இல்லை. இங்கதான் செத்தாரு. வீட்டுல இல்லை, இங்க."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் திரும்ப வரப்போவதில்லை. குட்டியின் பள்ளிக்கூடம் அந்த நிமிஷத்தோடு போய்விட்டது என்பதும் எனக்குத் தெரியும். நாளைக்கு உலையில் என்ன போடுவது என்றுகூடத் தெரியாது. உள்ளே முதலாளி தன் கைபேசியையே காமிராவாக நிறுத்திவைத்து, "அன்பான நன்கொடையாளர்களே" என்று ஆரம்பித்துவிட்டது கேட்டது.

பெட்டியைப் பிடித்திருந்தவர் அண்ணியைப் பார்த்தார். "பிடிக்க ஆள் இல்லாமயா ஏத்தினாங்க?"

"ஆமாம்பா."

"எங்களுக்கும் இப்ப யாரையும் போடறதில்லை" என்றார் மெதுவாக. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். டிரைவர் வேனுக்குள் கையை விட்டு இன்ஜினை நிறுத்தினார்.

பெட்டி வைத்திருந்தவர் அதைத் திரும்ப வேனுக்குள் தள்ளிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு படிக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா" என்றார்.

அண்ணி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.